நாய்க்குட்டிக்கு விளையாட்டுப் பொருள் தேர்வு

நாய்க்குட்டிக்கான விளையாட்டுப் பொருட்கள் என்பவை, வீட்டுக்குப் புதிதாக வரும் குட்டி கடிக்கவும், கவ்வித் தூக்கவும், இழுக்கவும், துரத்தவும், உணவைத் தேடி எடுக்கவும் தரப்படும் பொருட்கள் ஆகும். ரப்பர் பந்து, பருத்திக் கயிறு, மெல்லும் வளையம், துணிப் பொம்மை, உணவு நிரப்பும் பொம்மை ஆகியவை பரவலாகக் காணப்படுபவை. இவை கடையில் வாங்கியவையாக இருக்கலாம்; பழைய வேட்டியைக் கிழித்துப் பின்னியதாகவும் இருக்கலாம். குட்டிக்கு இரண்டும் ஒன்றுதான்.

வாங்குபவர்களில் பலர் நிறம், உருவம், விலை ஆகிய மூன்றை மட்டும் பார்க்கின்றனர். அது போதாது. ஒரு பொருள் உடைந்தால் எப்படி உடையும், உடைந்த துண்டு எவ்வளவு பெரியதாக இருக்கும், அது வயிற்றுக்குள் போனால் என்ன ஆகும் என்பவற்றை முதலில் கேட்க வேண்டும். குட்டியின் பற்களும் தாடையும் மாதத்துக்கு மாதம் மாறுவதால், சென்ற மாதம் பாதுகாப்பாக இருந்த பந்து இந்த மாதம் ஆபத்தானதாகிவிடலாம். ஒருமுறை வாங்கிப் போட்டுவிட்டு மறந்துவிடக்கூடிய பொருள் அல்ல இது.

இந்தியாவில் 2021 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த பொம்மைத் தரக்கட்டுப்பாட்டு ஆணை (2020), 14 வயதுக்குட்பட்ட குழந்தைகள் விளையாடும் பொருட்களுக்கானது. நாய்ப் பொம்மைகளுக்கு அது பொருந்தாது. எனவே நாய்ப் பொம்மையின் உறையில் 'நச்சற்றது' என்று அச்சிட்டிருந்தால் அது தயாரிப்பாளரின் சொல் மட்டுமே. குழந்தைப் பொம்மையில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தாலும், அது நாயின் பல்லுக்குத் தாங்குமா என்று யாரும் சோதித்திருக்க மாட்டார்கள். இந்நிலையில் சோதனை செய்யும் பொறுப்பு வளர்ப்பவரையே சேர்கிறது.

குட்டி ஏன் கடிக்கிறது

நாய் இனப்பெருக்கம், விற்பனை ஆகியவற்றுக்கான 2017ஆம் ஆண்டு விதிகளின்படி எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. ஆகவே முறையாக வாங்கப்படும் குட்டி வீட்டுக்குள் நுழையும்போது அதற்குக் குறைந்தது இரண்டு மாதம் ஆகியிருக்கும். அப்போது அதன் வாயில் 28 பால் பற்கள் இருக்கும். ஊசி போல் கூர்மையான இப்பற்கள் மூன்றாவது வாரம் முதல் முளைக்கத் தொடங்குகின்றன. ஏறக்குறைய நான்காவது மாதத்தில் முன்பற்கள் விழத் தொடங்கும். பிறகு கோரைப் பற்கள் மாறும். ஆறு, ஏழு மாதத்துக்குள் 42 நிலைப்பற்கள் வந்து சேரும். பால் பற்களில் இல்லாத பெரிய கடைவாய்ப் பற்களும் இந்தக் காலத்தில்தான் முளைக்கின்றன.

பல் மாறும் காலத்தில் ஈறு உறுத்துவதால் குட்டி கண்ணில் பட்டதை எல்லாம் கடிக்கும். பள்ளியில் பென்சில் முனையைக் கடிக்காத பிள்ளை அரிது. அதைக் குறும்பு என்று அடித்துத் திருத்த முடியாது என்பதை ஆசிரியர்கள் அறிவார்கள். குட்டியின் நிலையும் அதுதான். மேசைக் காலைக் கடித்ததற்காக அதை அடித்தால், அடிப்பவர் இல்லாத நேரத்தில் கடிக்கும். கடிக்கத் தகுந்த ஒன்று பக்கத்திலேயே கிடந்தால் மேசைக் கால் பெரும்பாலும் தப்பும். பொம்மையில் சிறிது ரத்தக் கறையோ, தரையில் அரிசி போன்ற ஒரு பல்லோ காணப்பட்டால் அஞ்ச வேண்டியதில்லை. பல் விழுந்திருக்கிறது என்று பொருள்.

வாய், குட்டிக்குக் கையும் ஆகும். ஒரு பொருள் என்ன என்று தெரிந்துகொள்ள அது முகரும், பிறகு கவ்வும். ஜான் பால் ஸ்காட், ஜான் புல்லர் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை வளர்த்து ஆராய்ந்து 1965இல் வெளியிட்ட நூலில், மூன்றாவது வாரம் முதல் ஏறத்தாழ பன்னிரண்டாவது வாரம் வரையான காலம் குட்டி தன் உலகத்தோடு பழகும் முக்கியமான காலம் என்று காட்டினர். அந்தக் காலத்தில் பல வகையான பரப்புகளையும் ஒலிகளையும் அச்சமின்றிப் பழகிய குட்டி, வளர்ந்த பின் எளிதில் மிரளாது. வழுவழுப்பான ரப்பர், சொரசொரப்பான கயிறு, மெத்தென்ற துணி என மூன்று வகையையாவது கொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கை ஒரு விளையாட்டுப் பொருள் அல்ல

வீட்டில் எல்லோரும் குட்டிக்கு முதலில் தருவது தங்கள் விரல்களைத்தான். பால் பல் கடி கூச்சமாக இருக்கும், பிள்ளைகள் சிரிப்பார்கள். நான்கு மாதம் கழித்து அதே கடி தோலைக் கிழிக்கும்போது குட்டிக்கு அடி விழும். குட்டியைப் பொறுத்தவரை நேற்றுவரை அனுமதிக்கப்பட்ட விளையாட்டு இன்று திடீரெனக் குற்றமாகிவிட்டது. எனவே முதல் நாளிலிருந்தே கை, கால் விரல், தாவணி, புடவைத் தலைப்பு எதுவும் விளையாட்டுப் பொருள் ஆகக் கூடாது. குட்டி கையைக் கவ்வினால் கையை வெடுக்கென்று இழுக்காமல் (இழுத்தால் அது துரத்தும்) அசையாமல் நிறுத்தி, மறு கையால் கயிற்றையோ துணியையோ அதன் வாய்க்கருகில் ஆட்ட வேண்டும். கைக்குப் பதில் பொம்மை என்ற இந்த மாற்றைக் குட்டி சில நாட்களில் கற்றுக்கொள்ளும்.

இதில் நோய் தொடர்பான காரணமும் உண்டு. வெறிநாய்க்கடி நோய்க்கான (ரேபிஸ்) தடுப்பூசி குட்டிக்குப் பொதுவாக மூன்று மாத வயதில்தான் போடப்படுகிறது. அதற்கு முன் இருக்கும் குட்டி, குறிப்பாகத் தெருவிலிருந்து எடுத்து வந்ததோ தாயின் தடுப்பூசி விவரம் தெரியாததோ என்றால், அது விளையாட்டாகக் கடித்தாலும் பொருட்படுத்த வேண்டும். 'குட்டிதானே, பால்பல்தானே' என்று விட்டுவிடுவது நம்மூரில் சாதாரணம். குட்டிகளுக்கும் இந்நோய் வரும்; அவற்றின் உமிழ்நீராலும் பரவும். ரத்தம் வராத சிறு கீறலுக்கும் தடுப்பூசி தேவைப்படலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு. கடிபட்ட இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இத்தடுப்பூசி இலவசம். திருநீர்மலை, பம்மல், அனகாபுத்தூர்ப் பகுதியினருக்கு குரோம்பேட்டை அரசு மருத்துவமனை அருகில் உள்ளது. நோய் அறிகுறி தோன்றிய பின் மருத்துவத்தால் பெரும்பாலும் பயன் இல்லை.

அளவு

பந்து முழுவதும் குட்டியின் கோரைப் பற்களைத் தாண்டி உள்ளே போக முடியாத அளவில் இருக்க வேண்டும். வாயில் கவ்விய பின்னும் ஒரு பகுதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் சரி. சிறிய உருண்டைப் பந்து தொண்டையின் பின்புறம் சென்று அடைத்துக்கொண்டால், எச்சில் வழுக்கலில் அதை வெளியே எடுப்பது கடினம். சில நிமிடங்களில் மூச்சு நின்றுவிடும். கோலிக்குண்டு, பம்பரம், சிறு ரப்பர் பந்து போன்ற பிள்ளைகளின் பொருட்களைத் தரையில் விட்டுவைப்பதில் உள்ள ஆபத்தும் இதுதான்.

வளரும் வேகத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். பொமரேனியன் என்று நம்மூரில் அழைக்கப்படும் சிறு ஸ்பிட்ஸ் குட்டிக்கு வாங்கிய பந்து அதற்கு நெடுநாள் போதும். ராஜபாளையம் குட்டியோ லாப்ரடார் குட்டியோ எனில் இரண்டாவது மாதத்தில் வாய்க்கு அடங்காத பந்து ஐந்தாவது மாதத்தில் விழுங்கும் அளவுக்கு ஆகிவிடும். வீட்டில் பெரிய நாய் ஏற்கெனவே இருந்தால், பொம்மையின் அளவை அந்தப் பெரிய நாயின் வாயைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும். குட்டியின் பொம்மை குட்டியிடம் மட்டும் இருக்கும் என்று எந்த வீட்டிலும் உறுதி கூற இயலாது.

கடினம்

கட்டைவிரல் நகத்தால் பொம்மையை அழுத்திப் பார்த்தால் சிறிது குழிய வேண்டும். நகம் பதியாத பொருள் பல்லைவிடக் கடினமாக இருக்கக்கூடும். மாட்டுக் கொம்பு, குளம்பு, காய்ந்த எலும்பு, கெட்டியான நைலான் கட்டை ஆகியவை இந்தச் சோதனையில் தேறுவதில்லை. இவற்றைக் கடிக்கும் நாய்களுக்குக் கடைவாய்ப் பல் பக்கவாட்டில் பிளந்துபோவது கால்நடை மருத்துவர்கள் அடிக்கடி காணும் காட்சி. மறுபுறம், விரலால் கிள்ளினாலே பிய்ந்து வரும் நுரைப்பஞ்சு, மெல்லிய பிளாஸ்டிக் போன்றவையும் ஆகா. குட்டிக்கு ஏற்றது வளைந்து மீளும் இயற்கை ரப்பர்.

டென்னிஸ் பந்து எளிதில் கிடைப்பதால் பலரும் அதைக் கொடுக்கிறார்கள். தெருக் கிரிக்கெட் முடிந்ததும் அது நாயிடம் வந்து சேர்கிறது. எறிந்து பிடிக்க அது பரவாயில்லை. ஆனால் அதன் மேலுள்ள சொரசொரப்பான நார்ப்பரப்பில் மண் ஏறி, நாளடைவில் உப்புத்தாள் போலப் பல்லைத் தேய்க்கும். படுத்துக்கொண்டு மணிக்கணக்கில் மெல்ல அதை விடக் கூடாது. வலுத்த தாடையுள்ள நாய் அதை இரண்டாகப் பிளந்து ஒரு பாதியை விழுங்கிவிடுவதும் உண்டு.

பொம்மை என்று நினைத்துத் தரப்படும் வீட்டுப் பொருட்கள்

கடைப் பொம்மைகளைவிட வீட்டில் கிடக்கும் பொருட்களால்தான் குட்டிகள் அதிகம் அவதிப்படுகின்றன. சித்திரை, வைகாசியில் மாம்பழம் சாப்பிட்டுவிட்டுக் கொட்டையைக் குட்டியிடம் போடுவது வழக்கம். சதை இனிப்பாக இருப்பதால் அது நக்கும், பிறகு முழுதாக விழுங்கும். மாங்கொட்டை வயிற்றில் செரிக்காது. சிறுகுடலுக்குள் நுழைந்து அடைத்துக்கொண்டால் அறுவை சிகிச்சை தவிர வேறு வழி இல்லை. சுட்ட மக்காச்சோளம் தின்றபின் மிஞ்சும் தக்கையும் அப்படியே. கடற்கரையிலும் கோயில் திருவிழாவிலும் அது காலடியில் கிடக்கும் என்பதால், நடைக்கு அழைத்துச் செல்லும்போதும் கவனம் தேவை.

பிரியாணிக் கோழி எலும்பு மற்றொன்று. வெந்த எலும்பு ஈரம் இழந்து ஊசி ஊசியாக உடையும். அது தொண்டையையும் குடலையும் குத்தும். 'ஊர் நாய்கள் எல்லாம் எலும்பு தின்றுதானே வாழ்கின்றன' என்ற வாதத்தை அடிக்கடி கேட்கலாம். குடல் கிழிந்து செத்த தெருநாயை யாரும் அறுத்துப் பார்த்துக் கணக்கு எழுதுவதில்லை.

நூல் வகைகள் எல்லாவற்றையும்விட மோசமானவை. தையல் நூல், பட்ட நூல், பூக்கட்டும் நூல், மல்லிகைச் சரம், கால்மிதியின் நார் இவற்றில் ஒரு முனை நாக்கின் அடியிலோ இரைப்பையிலோ சிக்கிக்கொள்ள, மறு முனை குடலுக்குள் இறங்கும். குடல் அதைத் தள்ள முயன்று, நாடா கோத்த பாவாடை இடுப்பு போல நூலின்மேல் சுருங்கி ஏறும். பின் நூல் குடற்சுவரை அறுக்கும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் நுனி தெரிந்தால் அதைப் பிடித்து இழுக்கவே கூடாது. கோயில் உள்ள ஊர்களில், திருநீர்மலை போன்ற மலையடிவாரத் தெருக்களில், வாடிய மாலையும் பூச்சரமும் குப்பையில் எளிதில் கிடைக்கும். அவற்றில் பூ வாசனையோடு நெய், பிரசாத வாசனையும் சேர்ந்திருப்பதால் குட்டிக்கு அது உணவாகவே தோன்றும்.

பழைய ரப்பர்ச் செருப்பு, கிழிந்த காலுறை ஆகியவற்றைக் கொடுப்பதால் வரும் சிக்கல் வேறு. பழைய செருப்புக்கும் புதிய செருப்புக்கும் உள்ள வேறுபாடு குட்டிக்குத் தெரியாது. இரண்டிலும் இருப்பது வீட்டுக்காரரின் கால் மணம்தான். ஒரு செருப்பைக் கொடுத்துவிட்டு மற்றதைக் கடித்ததற்குத் தண்டிப்பது நியாயமில்லை. செருப்பின் வாரும் பட்டனும் பிய்ந்து வருவதும் உண்டு.

தண்ணீர் பாட்டிலைக் குட்டிகள் விரும்பும், அது நொறுங்கும் ஒலிக்காக. மூடியையும் கழுத்து வளையத்தையும் தாளையும் நீக்கிவிட்டு, ஆள் பக்கத்தில் இருக்கும்போது பத்து நிமிடம் தரலாம். கூர்முனை வந்ததும் எடுத்துவிட வேண்டும். மின்கலம் போட்டு ஓடும், பாடும் குழந்தைப் பொம்மைகள் முற்றிலும் விலக்கத் தக்கவை. பொத்தான் மின்கலம் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் மிகக் குறைந்த நேரத்தில் சதையை அரித்துவிடும்.

மரப் பொம்மைகள் குறித்து ஒரு சொல். 2020 ஆகத்து 30 அன்று ஒலிபரப்பான 'மனதின் குரல்' வானொலி உரையில் பிரதமர் தஞ்சாவூர், சன்னபட்னா முதலிய ஊர்ப் பொம்மைகளையும், அதே உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை முதலிய நாட்டு நாய்களையும் குறிப்பிட்டார். இரண்டும் பெருமைக்குரியவை, ஆனால் ஒன்றை மற்றதன் வாயில் கொடுக்கலாகாது. அரக்கு பூசிய மரமும் காகிதக்கூழும் குட்டியின் பல்லில் சிம்பு சிம்பாக வந்துவிடும்.

நிறமும் ஒலியும்

நாயின் விழித்திரையில் நிறம் உணரும் செல்கள் இரண்டு வகை மட்டுமே. மனிதருக்கு மூன்று. நாய்கள் நீலத்தையும் மஞ்சளையும் வேறுபடுத்தி அறியும் என்பதையும், சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவது அவற்றுக்குக் கடினம் என்பதையும் கலிபோர்னியாவில் நைட்ஸ், கைஸ்ட், ஜேக்கப்ஸ் ஆகியோர் 1989இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. கடைகளில் சிவப்புப் பொம்மைகள் மிகுதியாக இருப்பது வாங்குபவரின் கண்ணுக்காக. புல்லில் விழுந்த சிவப்புப் பந்தைக் குட்டி மூக்கால்தான் தேடும். தேடுவதே விளையாட்டு என்றால் அதிலும் தவறில்லை. துரத்திப் பிடிக்க வேண்டுமானால் நீலமோ மஞ்சளோ நல்லது.

கீச்சொலி எழுப்பும் பொம்மைகளைக் குட்டிகள் மிகவும் விரும்புகின்றன. உள்ளே இருக்கும் ஊதுகுழல் பிளாஸ்டிக்கால் ஆனது. ஒலி வரும் இடத்தைத் தோண்டி எடுப்பதே குட்டியின் நோக்கமாக இருக்கும் என்பதால், ஆள் பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும் தர வேண்டும். துணிப் பொம்மையில் கண்ணாக வைத்த மணி, மூக்காக வைத்த பட்டன், நாடா, முத்திரைத் துணி எல்லாவற்றையும் வாங்கிய அன்றே வெட்டி எடுத்துவிடலாம். கண்ணில்லாத கரடியைக் குட்டி குறையாக எண்ணாது.

உணவு நிரப்பும் பொம்மைகள்

உள்ளே குழிவான ரப்பர்ப் பொம்மையில் உணவை அடைத்துக் கொடுத்தால், அதை நக்கி எடுக்கக் குட்டி நெடுநேரம் செலவிடும். இவ்வகையில் புகழ்பெற்ற காங் பொம்மை 1970களில் அமெரிக்காவின் கொலராடோவில் ஜோ மார்கம் என்பவரால் உருவாக்கப்பட்டது. அவருடைய ஜெர்மன் ஷெப்பர்டு நாய் கல்லைக் கடித்துப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தது. ஃபோக்ஸ்வேகன் வண்டியைப் பழுது பார்க்கும்போது அவர் வீசிய ரப்பர் பாகம் ஒன்றை அது கல்லை விட்டுவிட்டுக் கவ்விக்கொண்டது. சீரற்ற அந்த வடிவம் தரையில் எதிர்பாராத திசைகளில் துள்ளியதும், பல்லுக்கு இதமாக இருந்ததும் அந்த நாய்க்குப் பிடித்துப்போயின. பொம்மையின் வடிவம் அதிலிருந்து வந்தது.

இதில் பார்க்க வேண்டியது துளைகளின் எண்ணிக்கை. ஒரே ஒரு துளை உள்ள பந்திலோ பொம்மையிலோ நாக்கு நுழைந்தால், உள்ளே வெற்றிடம் ஏற்பட்டு நாக்கு பிடித்துக்கொண்டு வீங்கிவிடலாம். காற்று போய்வர இரண்டாவது துளை அவசியம்.

நிரப்புவதற்கு விலை உயர்ந்த பசை தேவையில்லை. உப்பும் தாளிப்பும் இல்லாத தயிர்ச்சோறு, மசித்த பூசணி, வெந்த காரட், இட்லித் துண்டு போதும். நிரப்பியதைக் குளிர்பெட்டியில் வைத்துக் கொடுத்தால் பல் முளைக்கும் ஈறுக்கும் சென்னைக் கோடைக்கும் நல்லது. வெங்காயம், பூண்டு, திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட் ஆகியவை நாய்க்கு நஞ்சு. வேர்க்கடலைப் பசை வாங்கினால் அதில் சைலிட்டால் என்னும் இனிப்பூட்டி இல்லை என்பதைப் படித்து உறுதி செய்ய வேண்டும். அது நாயின் ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று வீழ்த்தும். பொம்மையில் வைக்கும் உணவு அன்றாட அளவிலிருந்து எடுத்ததாக இருக்கட்டும். இல்லாவிட்டால் குட்டி உருண்டையாகிவிடும்.

வேலைக்குச் செல்வோர் மிகுந்த அடுக்குமாடி வீடுகளில் குட்டி தனியாக இருக்கப் பழகுவதற்கு இவ்வகைப் பொம்மை பெரிதும் உதவும். ஆனாலும் முதன்முறை கொடுப்பது ஆள் வீட்டில் இருக்கும் நாளாக இருக்க வேண்டும்.

இழுத்தலும் துரத்தலும்

கயிறு இழுத்து விளையாடினால் நாய் முரடாகிவிடும், அதை வெல்ல விடக் கூடாது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. நிக்கோலா ரூனி, ஜான் பிராட்ஷா ஆகியோர் இங்கிலாந்தில் கோல்டன் ரிட்ரீவர் நாய்களைக் கொண்டு நடத்தி 2002இல் வெளியிட்ட ஆய்வில், இழுப்பில் வென்ற நாய்கள் மனிதரை அடக்க முயன்றதாகத் தெரியவில்லை. எனவே இழுக்கலாம். குட்டியைத் தரையிலிருந்து தூக்கும்படி இழுக்கக் கூடாது. தலையை மேலும் கீழுமாக ஆட்டாமல் பக்கவாட்டில் மெதுவாக அசைக்க வேண்டும். பல் மாறும் மாதங்களில் இன்னும் மென்மையாக. 'விடு' என்ற சொல்லுக்கு விட்டால் மறுபடி விளையாட்டு தொடங்கும் என்ற பழக்கத்தை இதனூடாகவே கற்பிக்கலாம். பின்னாளில் வாயில் கோழி எலும்போடு குட்டி நிற்கும்போது இந்த ஒரு சொல் உயிரைக் காக்கும்.

இனத்துக்கேற்ப விருப்பம் வேறுபடும். சிப்பிப்பாறையும் கன்னியும் முயலைப் பார்த்துத் துரத்தி வேட்டையாட வளர்க்கப்பட்டவை. அவற்றின் குட்டிகளுக்கு அசையாத ரப்பர் வளையம் சலிப்பூட்டும். ஒரு குச்சியின் நுனியில் கயிற்றையும் அதில் துணி முடிச்சையும் கட்டி, தரையோடு தரையாக வட்டமாக இழுத்தால் அதற்காகக் காத்திருக்கும். ராஜபாளையமும் அவ்வாறே ஓடப் பிறந்தது. 2005 சனவரி 9 அன்று இந்திய அஞ்சல்துறை வெளியிட்ட நான்கு நாய் இன அஞ்சல்தலைகளுள் அதுவும் ஒன்று. லாப்ரடார் எதையாவது வாயில் தூக்கிக்கொண்டு திரிந்தாலே மகிழும். தெருவிலிருந்து எடுத்த நாட்டுக் குட்டி பெரும்பாலும் உணவைத் தேடும் விளையாட்டில் தேர்ந்தது.

எலும்பு முதிராத வயதில் உயரத் துள்ளிப் பிடிக்கும் விளையாட்டும், மொசைக் தரையில் வழுக்கிக்கொண்டு திரும்பும் ஓட்டமும் மூட்டைக் கெடுக்கும். பாய் விரித்த இடமோ மண் தரையோ நல்லது. நாய் உடல் வெப்பத்தைத் தணிப்பது பெரும்பாலும் மூச்சிரைப்பால்தான் என்பதால், கோடையில் மொட்டை மாடியில் பகல் விளையாட்டு கூடாது. காலை ஏழு மணிக்குள் முடித்துவிட வேண்டும். லேசர் ஒளிப் புள்ளியைத் துரத்தவிடுவது சிலருக்கு வேடிக்கை. குட்டியால் அதை ஒருபோதும் பிடிக்க முடியாது. நிழலையும் ஒளியையும் ஓயாமல் துரத்தும் கோளாறு சில நாய்களுக்கு இதனால் ஏற்படுகிறது.

வீட்டில் செய்யத் தக்கவை

பழைய பருத்தி வேட்டியையோ கைலியையோ மூன்று விரல் அகலத்தில் மூன்று பட்டைகளாகக் கிழித்து, சடை போல இறுக்கிப் பின்னி, இரு முனையிலும் முடிச்சிட்டால் நல்ல இழுகயிறு கிடைக்கும். நீரில் நனைத்துப் பிழிந்து உறைபெட்டியில் வைத்துத் தந்தால் பல் முளைக்கும் குட்டிக்கு அதைவிட இதமானது இல்லை. இழை பிரிந்ததும் தூக்கி எறிந்துவிட வேண்டும். நைலான் சேலை இதற்கு ஆகாது. அதன் இழை செரிக்காமல் நூலைப் போலவே சிக்கும். தென்னை நார்க் கயிறும் தேங்காய் மட்டையும் செலவில்லாதவைதாம், ஆனால் நார் கொத்துக் கொத்தாகப் பிரிந்து வயிற்றில் உருண்டையாகும் என்பதால் அவற்றைத் தவிர்ப்பதே நல்லது.

அட்டைப் பெட்டிக்குள் பழைய துணிகளைப் போட்டு, நடுவே சில உணவுத் துண்டுகளை ஒளித்து வைத்தால் அரை மணி நேரம் ஓடிவிடும். பெட்டியின் கம்பி ஊசிகளையும் ஒட்டும் நாடாவையும் முதலில் நீக்க வேண்டும்.

எத்தனை தேவை

தொடங்குவதற்கு நான்கைந்து பொருட்கள் போதும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தரையில் கொட்டி வைத்தால் குட்டி எதையும் சீண்டாது. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் புல்லன், மெரில், பிராட்ஷா ஆகியோர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே பொம்மையைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் நாய்களின் ஆர்வம் விரைவில் வற்றிவிடுவதும், வேறொன்றைக் கொடுத்ததும் மீண்டும் எழுவதும் காணப்பட்டன. இரண்டை வெளியே வைத்து மற்றவற்றை அலமாரியில் பூட்டி, மூன்று நான்கு நாளைக்கொரு முறை மாற்றினால் பழையதும் புதியதாகிவிடும்.

தூய்மை

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை போன்ற இடங்களில் பழைய பொம்மைகள் மலிவாகக் கிடைக்கும். பிற நாய்கள் பயன்படுத்திய பொம்மையை, தடுப்பூசிகள் முடியாத குட்டிக்குத் தருவது தவறு. ரத்தக் கழிச்சலை உண்டாக்கும் பார்வோ வைரஸ் பொருட்களின் மீது மாதக்கணக்கில் உயிர்ப்புடன் இருக்கும்; சோப்பு நீருக்குச் சாகாது. முப்பது பங்கு நீரில் ஒரு பங்கு வீட்டு உபயோகத் திரவ பிளீச் கலந்து, கழுவிய பொம்மையைப் பத்து நிமிடம் ஊறவைத்து, நன்றாக அலசி வெயிலில் காயவைத்தால் அழியும். தெருநாய்களோடு பொம்மையைப் பகிர்வதும் தடுப்பூசிகள் முடியும்வரை வேண்டாம். வழக்கமான ரப்பர்ப் பொம்மைகளை வாரம் ஒருமுறை வெந்நீரில் கழுவினால் போதும். உணவு நிரப்பியதை அன்றன்றே கழுவ வேண்டும், இல்லையேல் எறும்பு கழுவும்.

விழுங்கிவிட்டால்

பொம்மையில் ஒரு துண்டு குறைந்து, அது தரையிலும் காணப்படவில்லை என்றால் விழுங்கப்பட்டதாகவே கொள்ள வேண்டும். திரும்பத் திரும்ப வாந்தி, உணவை மறுத்தல், வயிற்றைத் தொட விடாமை, முன்னங்கால்களை நீட்டிப் பின்புறத்தை உயர்த்திக் குனிந்து நிற்றல், மலம் கழிக்காமை ஆகியவை அடைப்பின் அறிகுறிகள். விளையாட அழைக்கும்போதும் குட்டி இதே போலக் குனியும் என்பதால் சிலர் ஏமாந்துவிடுகிறார்கள். விளையாட அழைக்கும் குட்டி வால் ஆட்டித் துள்ளும், வலியுள்ள குட்டி அசையாமல் நிற்கும்.

உப்புநீர் ஊற்றி வாந்தி எடுக்க வைப்பது கூடாது. கூரிய பொருள் என்றால் திரும்பி வரும்போது மேலும் கிழிக்கும். உப்பே குட்டிக்கு நஞ்சாகலாம். எண்ணெய் புகட்டினால் நுரையீரலுக்குள் போகலாம். பொம்மையின் மிஞ்சிய பகுதியையும் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் செல்ல வேண்டும். ரப்பர், துணி போன்றவை எக்ஸ்-கதிர்ப் படத்தில் தெளிவாகத் தெரிவதில்லை. எதைத் தேடுகிறோம் என்று மருத்துவருக்குத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பொருள் இரைப்பையில் இருக்கும்வரை உள்நோக்கிக் கருவியால் வாய்வழியே எடுக்க வாய்ப்புண்டு, குடலுக்குள் இறங்கிவிட்டால் அறுவைதான். தென்புறநகரில் தனியார் கால்நடை மருத்துவமனைகள் பல உள்ளன. 1903இல் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் உள்ளது. திருநீர்மலையிலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல். இரவில் குட்டி வாந்தி எடுக்கத் தொடங்கிய பின் முகவரி தேடிக்கொண்டிராமல், குட்டி வந்த வாரத்திலேயே அருகிலுள்ள மருத்துவரின் எண்ணையும் இரவில் திறந்திருக்கும் மருத்துவமனையின் எண்ணையும் குறித்துவைத்துக்கொள்வது நல்லது.